பதினைந்து லட்சத்து அறுபத்தோராயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று

அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போன மறுநொடியே செண்பகவல்லிக்கு மூக்கு அரித்தது. அதுவரை மூக்கு என்று ஒன்று இருக்கிற நினைப்பே இல்லை. ஐம்பத்தாறு வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு முகத்தின் நடுவில் சும்மா கிடந்த மூக்கு, இன்றைக்குப் பார்த்து, மூக்குத்தியைக் கழற்றிய துளையில் எறும்பு ஏறியதுபோல நமைக்கத் தொடங்கியது. வேண்டாம் என்றால்தான் செய்வேன் என்பது உடம்பின் குணம். பரீட்சை ஹாலில் சத்தம் போடாதே என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்கு இருமலே வரும். கையைத் தூக்க முடியாது. தலையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டு, காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேலே கனத்த ஹெட்போன், வலது கைக்குள் ஒரு ரப்பர் பந்து. "ரொம்ப முடியலன்னா மட்டும் இத அமுக்குங்கம்மா. சும்மா சும்மா அமுக்குனா மொதல்ல இருந்து எடுக்கணும்," என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். பெனிட்டா என்பதுதான் ஸ்கேன் எடுக்கிற அந்தப் பெண்ணின் பெயர். சிரிக்கவும் மாட்டாள், சிடுசிடுக்கவும் மாட்டாள், இட்லி வேகவைக்கிறவள் மாதிரி ஆட்களை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிறவள். கட்டில் நகர்ந்து குழாய்க்குள் போய் நின்றது. கண்ணைத் திறந்தால் ஒரு சாண் மேலே கூரை. திறக்கக்கூடாது என்று மூடிக்கொண்டாள். டொக், டொக், டொக் என்று ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடிக்கிற சத்தம். ஆனால் பக்கத்து வீடும் அவள் மண்டைதான், சுவரும் அவள் மண்டைதான். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று தட்டிப் பார்க்கிறார்கள். பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அதை மனதுக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும்: பயமாக இருந்தது.

அதற்குத்தான் எண்ணைக் கையில் எடுத்தாள். பயம் வந்தால் சிலர் முருகா என்பார்கள், சிலர் நகத்தைக் கடிப்பார்கள். செண்பகவல்லி கண்ணில் படுகிற எண்ணை எடுத்து உடைத்துப் பார்ப்பாள். கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்வதற்கு முன்னாலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. லாரி நம்பர், கேஸ் சிலிண்டர் நம்பர், கல்யாணப் பத்திரிகையில் அச்சாபீஸ்காரன் போட்ட போன் நம்பர் எதையும் விட்டதில்லை. மணிக்கட்டில் ஒட்டிய பட்டையில் பெயருக்குக் கீழே 1561771 என்று போட்டிருந்தது. ஒரு தடவைதான் பார்த்தாள், மனதில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதே என்று ஒரு சின்னச் சந்தோஷம். அதைப் பார்த்தவுடன் அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகமும் கூட்டிப் பார்த்துவிட்டார். "இருபத்தெட்டு வருது. ரெண்டும் எட்டும் பத்து. பத்துன்னா ஒண்ணு. சூரியன் நம்பர்ட்டி! ஒண்ணும் ஆவாது, பயப்படாத." அவர் அப்படித்தான். பெயிண்ட் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் தேவையில்லாமல் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்து யாவாரத்தைப் பெருக்கப் பார்த்தவர். பெயிண்ட் விற்கிறவருக்கு ஓர் எழுத்துக்குப் பெயிண்ட் செலவா பெரிது. முப்பது வருஷமாக அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: கூட்டிக் கூட்டி ஒரே இலக்கமாக்கினால் ஒன்பதால் வகுத்த மிச்சம் தெரியும், அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. சிரித்த வாய் சும்மா இருந்ததா? கட்டில் உள்ளே நகரும்போது அவளுக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. இந்த எண் பகா எண்ணாக இருந்தால், எதைக் கொண்டு வகுத்தாலும் பிளக்காத எண்ணாக இருந்தால், என் மூளையிலும் ஒன்றும் இல்லை, நானும் முழுசாக இருக்கிறேன். நாக்கில் வந்திருந்தால் கடித்துக்கொண்டிருப்பாள். மனதில் வந்ததை எதைக் கொண்டு கடிப்பது? பந்தயம் கட்டியாகிவிட்டது. எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? வர்க்கமூலம் வரைக்கும். 125-இன் வர்க்கம் தூக்கத்தில் கேட்டாலும் வரும், பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்கி நூற்று ஐம்பத்தாறு, பக்கத்தில் இருபத்தைந்தை ஒட்டினால் 15625. அப்படியானால் 1250-இன் வர்க்கம் 15,62,500. கையில் இருப்பது 15,61,771. கொஞ்சம்தான் குறைச்சல். எவ்வளவு குறைச்சல் என்று கழித்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே கழித்தலை அவள் தொடுவதில்லை. 1250 வரைக்கும் பகா எண்கள் இருநூறுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிடுவோம், எப்படியும் அசையாமல்தானே கிடக்கப் போகிறோம் என்று தொடங்கினாள்.

இரண்டு போகாது, ஒற்றைப்படை. மூன்று போகாது, கூட்டுத்தொகை இருபத்தெட்டு. ஐந்து போகாது. அடுத்தது ஏழு. ஏழு என்றதும் குழாய்க்குள் காற்றே குறைந்த மாதிரி இருந்தது. மறதிக்கு என்று காட்டப்போன அந்தச் சின்ன வயது டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், எவ்வளவு மரியாதையாகக் கேட்டான். "அம்மா, நூறுல இருந்து ஏழக் கழிங்க. வர்ற விடையில மறுபடி ஏழு. அப்படியே சொல்லிக்கிட்டே வாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் கேட்கிறாய் தம்பி, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தாயா? தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அதோடு நின்றது. எழுபத்திரண்டுக்குப் பிறகு ஒரு வெள்ளைச் சுவர். அதில் எழுத்தும் இல்லை, எழுத்தை அழித்த தடமும் இல்லை. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள், அதன் மூடியைப் பார்த்தாள், "அறுபத்தாறு," என்றாள். சொன்னபோதே தப்பு என்று தெரிந்தது, ஆனால் சரி எது என்று தெரியவில்லை. டாக்டர் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை, எதையோ எழுதிக்கொண்டான். அவளை உறுத்தியது டாக்டர் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கோமதிநாயகம். டீச்சரிடம் தப்புக் கண்டுபிடிப்பது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பால்காரன் பாக்கியில் ஒரு ரூபாய் பிசகிச் சொன்னாலும் "ஏட்டி, ஒனக்கா சம்பளம் குடுக்கான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரிக்கிறவர். அன்றைக்கு அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக் டொக் நின்று இப்போது கடகடவென்று வேறொரு சத்தம், ரைஸ் மில் மாதிரி. அந்த ஏழோடு நேருக்கு நேர் நிற்க அவளுக்குத் தெம்பில்லை, சுற்றுவழியாகப் போனாள். ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் மூன்றையும் ஒரே கல்லில் பார்த்துவிடலாம். 771-இல் 561 போனால், கடன் வாங்காத கழித்தல்தான், 210. அதோடு ஒன்றைக் கூட்டினால் 211. ஏழால் வகுத்தால் மிச்சம் ஒன்று. பதினொன்றால் வகுத்தால் மிச்சம் இரண்டு. பதின்மூன்றால் வகுத்தால் மிச்சம் மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று! பிரேயருக்கு வரிசையாக வந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி மிச்சங்கள். பார்த்தாயா, எவ்வளவு அழகாக வருகிறது, கெட்டுப்போன மண்டையில் இப்படி வருமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூக்கு அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பதினேழால் வகுத்தால் மிச்சம் பதினைந்து. பத்தொன்பதால், ஒன்பது. இருபத்து மூன்றால், இரண்டு. இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும் கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தன. முப்பத்தேழுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, அந்த மும்மூன்று இலக்கங்களைச் சும்மா கூட்டினால் போதும்: ஒன்று, 561, 771, ஆக 1333. முப்பத்தாறு தடவை முப்பத்தேழு 1332. ஒன்று மிச்சம். ஒரே ஒரு ஒன்று. மயிரிழையில் தப்பித்தது. நாற்பத்தொன்றால் வகுத்தபோது ஒன்று குறைந்தது. இந்தப் பக்கம் ஒன்று கூட, அந்தப் பக்கம் ஒன்று குறைய. நடுவில் எண் தன் பாட்டுக்கு நிற்கிறது, பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ரோட்டைக் கடக்கிறவள் மாதிரி. பஸ் என்றதும் அண்ணன் வந்துவிட்டான். வராதே, வராதே என்றால் கேட்கவா போகிறான்? அவளுடைய ஒரே அண்ணன் சங்கரபாண்டி, கண்டக்டர், நிற்க இடமில்லாத கூட்டத்திலும் எவனுக்கு எவ்வளவு பாக்கி சில்லறை என்று மறக்காதவன். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச காலத்தில் அவனுக்கு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. முதலில் தெரு, பிறகு பேரன் பெயர், பிறகு தான் சாப்பிட்டதே. மறக்காதது கண்டக்டர் வேலை ஒன்றுதான். காலண்டர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டான். அவளைப் பார்த்தும் கேட்டான்: "எங்கம்மா எறங்கணும்?" முதல் தடவை அவள் அவன் தோளைப் பிடித்து, "அண்ணே, நான் செண்பகம். ஒன் தங்கச்சிண்ணே," என்று சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்து, "ஆமா, செண்பகம்," என்றான். அடுத்த தடவையும் சொன்னாள். அதற்கடுத்த தடவை மதினி கண்ணைக் காட்டினாள், "விடு செண்பகம், சொன்னா அவுக அழுதாக." வீட்டில் எல்லோரும் அப்போது டிக்கெட் வாங்கப் பழகியிருந்தார்கள். "ஒரு சாத்தூர்" என்று அவளும் கையை நீட்டினாள். அந்தத் தாள் கிழிசலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட 'ஆமா, செண்பகம்' என்று சொல்லவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

நாற்பத்து மூன்றால் வகுத்தால் மிச்சம் பதினொன்று. நாற்பத்தேழால், எட்டு. அடுத்தது ஐம்பத்தொன்று. முப்பதாயிரம் தடவை ஐம்பத்தொன்று 15,30,000; மிச்சம் 31,771. அறுநூறு தடவை 30,600, மிச்சம் 1171. இருபது தடவை... அங்கேதான் சுருக்கென்றது. ஐம்பத்தொன்றை எதற்கு வகுத்துக்கொண்டிருக்கிறேன்? ஐம்பத்தொன்று பகா எண்ணா? மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. மூன்றையும் பார்த்தாகிவிட்டது, பதினேழையும் பார்த்தாகிவிட்டது. மறுபடியும் அதே ஐம்பத்தொன்று. எல்லாம் தொடங்கியதே அதில்தான். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, கரும்பலகையில் பகா எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனவள், நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் கூச்சமே இல்லாமல் ஐம்பத்தொன்று என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி எழுந்தது. "டீச்சர், அம்பத்தொண்ணு வராதுல்லா? மூணு பதினேழுல்லா டீச்சர்?" அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "கவனிக்கீங்களான்னு பாத்தேன். கைதட்டுங்க இவளுக்கு!" வாத்தியார்கள் காலகாலமாக வைத்திருக்கிற பொய். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. கைதட்டல் ஓய்கிற வரைக்கும் செண்பகவல்லி டஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பத்தொன்றைப் பார்த்தபடி நின்றாள். அது ஏன் தப்பு என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகும் அவளுக்குப் புரியாமல் இருந்த அந்தச் சில நொடிகளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம் இராத்திரிச் சாப்பாட்டில், "அண்ணே, ரசம் ஊத்தவா?" என்று கோமதிநாயகத்திடம் கேட்டாள். அவருக்குப் புரையேறிவிட்டது. "ஏட்டி கூறுகெட்டவளே, தாலி கட்டுனவன அண்ணேங்கிய! ஊர் கேட்டா காறித் துப்பும்!" என்று சிரித்தார், அவளும் சிரித்தாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். டாக்டரிடம் போய்வந்த பிறகு ஒரு நாள், கடைக்குக் கிளம்பினவரை "அண்ணே, குடை" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்து குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திருத்தவில்லை. தெருமுனை வரைக்கும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷ டீச்சருக்கு இது தெரியாதா? சிவப்புப் பேனா படாத விடைத்தாளில் இரண்டு வகை உண்டு, எல்லாம் சரியாக எழுதியது ஒன்று, இதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று ஒதுக்கியது ஒன்று.

ஐம்பத்து மூன்று போகவில்லை. ஐம்பத்தொன்பது போகவில்லை. அறுபத்தொன்று போகவில்லை. சத்தம் இப்போது மண்டையோட்டுக்குள்ளேயே வந்து அறைந்தது, பல் எல்லாம் அதிர்ந்தது. அறுபத்தேழால் வகுத்தால் மறுபடியும் ஒன்று மிச்சம், மறுபடியும் அந்த ஒன்று. யோசித்துப் பார்த்தாள், இருநூற்றுச் சொச்சத்தில் இன்னும் இருபதுகூட ஆகவில்லை. ஆயிரத்து இருநூறு வரைக்கும் எப்போது போவது? நடுவில் இன்னொரு ஐம்பத்தொன்று வந்தால்? இத்தனை வகுத்தலில் ஒன்றில் தப்பியிருந்தால் யார் சொல்வார்கள்? மூன்றாவது பெஞ்ச் இங்கே இல்லை. எண் என்ன என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பதினைந்து லட்சத்து அறுபத்தோராயிரத்து. பிறகு? பிறகு என்ன? எழுநூற்று... கூரை இறங்கி மூக்கைத் தொடுகிறது போலிருந்தது. கண்ணைத் திறந்துவிட்டாள், வெள்ளைச் சுவர், எழுபத்திரண்டுக்குப் பிறகு பார்த்தாளே அதே சுவர், இங்கே வந்து படுத்திருக்கிறது. கழுத்தில் கயிறு இறுக்கியது. தாலிச் சங்கிலி இரும்பில்லை, தங்கம்தான். ஆனாலும் எந்த உலோகமும் உள்ளே வரக்கூடாது என்று கழற்றச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கழுத்தாக விடக்கூடாது என்று கோமதிநாயகம் ஓடிப்போய், ஸ்கேன் சென்டர் வாசல் பெட்டிக்கடையிலேயே மஞ்சள் கயிறு வாங்கிவந்தார். எங்கே எது விற்கும் என்று தெரிந்து கடை போட்டிருக்கிற மகராசன். கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டி அவரே மாட்டிவிட்டார். அந்தக் கயிறுதான் இப்போது வியர்வையில் நனைந்து ஒட்டுகிறது. அமுக்கிவிடலாமா? பெருவிரல் ரப்பர் பந்தின் மேல் ஏறிவிட்டது. ஒரு அமுக்கு, வெளியே இழுத்துவிடுவார்கள், காற்று வரும், வெளிச்சம் வரும். முட்டாதே என்றாள். அவள் குரல்தான், வகுப்பில் கேட்கிற குரல். பெரிய எண்ணைக் கண்டால் ரெண்டு, மூணு, அஞ்சு என்று தலையால் முட்டுகிற பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்கிற பேச்சு: முட்டுறதுக்கு முன்னால கதவு தெறந்திருக்கான்னு பாருங்கட்டி. எழுநூற்று எழுபத்தொன்று. வந்துவிட்டது. பதினைந்து லட்சத்து அறுபத்தோராயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று. கதவு எங்கே என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். பயந்துபோய் அதைத் தாண்டி வந்தாள், அவ்வளவுதான். 1250-இன் வர்க்கத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு? கழிக்க வேண்டும். 15,62,500-இல் 15,61,771. பூஜ்யத்தில் ஒன்று போகாது. பக்கத்து வீட்டில் கடன் கேள், அங்கேயும் பூஜ்யம். அதற்கும் அடுத்த வீட்டில் ஐந்து இருக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிட்டு நாலாகிறது. பத்தில் ஒன்று போனால் ஒன்பது. ஒன்பதில் ஏழு போனால் இரண்டு. நாலில் ஏழு போகாது, மறுபடியும் கடன், பதினாலு. பதினாலில் ஏழு. இங்கேயும் வந்து நிற்கிறாயா நீ? வா. பதினாலில் ஏழு போனால் ஏழு. 729. எழுநூற்று இருபத்தொன்பது. அவள் மூச்சே விடவில்லை. இருபத்தேழு இருபத்தேழு எழுநூற்று இருபத்தொன்பது. இது ஒரு வர்க்கத்தில் இன்னொரு வர்க்கம் போன மிச்சம்! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும்: 1250-இல் இருபத்தேழு போனால் 1223, இருபத்தேழைக் கூட்டினால் 1277. பெருக்கினால் இந்த எண். எண் தானாக, சத்தமில்லாமல், பழுத்த பலாச்சுளை மாதிரி இரண்டாகப் பிரிந்து கையில் வந்துவிட்டது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கூண்டுக்குள் தலையும் குலுங்கியது.

"அம்மா! அசையாதீங்கன்னு சொன்னேன்ல?" ஹெட்போனில் பெனிட்டா. "அழுறீங்களா? எறக்கிறவா?" "இல்லம்மா, இல்ல. சிரிச்சிட்டேன்." "சிரிச்சீங்களா?" என்றாள் பெனிட்டா. இந்தக் குழாய்க்குள் படுத்துச் சிரித்த ஆளை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. "இந்தப் படம் கலைஞ்சிருச்சு. மறுபடி எடுக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க." மறுபடியும் டொக், டொக், டொக். இந்தத் தடவை அவள் கல்லாகக் கிடந்தாள். சிரிப்பு அடங்கிய இடத்தில் மெதுவாக அந்தப் பந்தயம் தலையைத் தூக்கியது. பகா எண் இல்லை. பிளந்துவிட்டது. அப்படியானால்? கோமதிநாயகத்தின் சூரியனைப் பார்த்துச் சிரித்தவள், தன் பந்தயத்துக்கு மட்டும் பயப்படுவாளா? பயந்தாள். எண் உடைந்தது உண்மை. ஆனால் அதை உடைத்தது யார்? பாதி வழியில் ஐம்பத்தொன்றில் இடறி விழுந்ததும் இதே மண்டைதான், கதவைத் திறந்ததும் இதே மண்டைதான். இரண்டும் ஒரே கூண்டுக்குள் படுத்திருக்கின்றன. எது ஜெயிக்கும் என்று இந்தப் படம் சொல்லும். படம் சாயங்காலம் வரும், நாளைக்கு டாக்டர் பார்த்துச் சொல்வார். எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்னாலும் அது 1223 தடவை 1277-தான். அவள் எல்லாவற்றையும் மறந்த பிறகும் அப்படித்தான் இருக்கும். அதை நினைத்தபோது ஏனோ பயம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, குறைந்தது.

வெளியே வராந்தாவில் கோமதிநாயகம் கைக்குட்டையில் தாலிச் சங்கிலியையும் மூக்குத்தியையும் முடிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும், "என்ன செஞ்சுது? ரொம்ப நேரம் ஆக்கிட்டாவ?" என்றார். அவள் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள். "ஒங்க சூரியன் நம்பர ரெண்டா ஒடச்சிட்டேன். ஆயிரத்து எரநூத்தி இருவத்து மூணு, ஆயிரத்து எரநூத்தி எழுவத்தேழு. போன்ல பெருக்கிப் பாருங்க." அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக அமுக்கினார். திரையையும் அவள் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியா இருக்கு! ஏட்டி, சரியா இருக்குட்டி! உள்ள படுத்துக்கிட்டா போட்ட? பேப்பர் பேனா இல்லாமயா?" குரல் உயர்ந்ததில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த டாக்டர் பயல இப்ப வந்து கேக்கச் சொல்லு!" என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "திரும்பு, சங்கிலிய மாட்டுதேன்."

அவள் திரும்பிக் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சங்கிலி குளிர்ச்சியாகக் கழுத்தில் விழுந்தது. முன்பக்கம் தொங்கிய தாலியைச் சரியாக்கிக்கொண்டே சந்தோஷத்தில் சொன்னாள்: "கொக்கிய நல்லா மாட்டுங்கண்ணே, போன தடவ கழண்டுட்டு."

அவர் விரல்கள் நின்றன. பிறகு மறுபடி அசைந்தன. "மாட்டிட்டேன்," என்றார்.

அவள் கொண்டையை விடவில்லை. சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. அப்படியே நின்று காத்திருந்தாள். "இப்ப ஒங்கள என்னன்னு கூப்பிட்டேன்?"

"என்னங்கன்னுதான். வேற எப்படிக் கூப்பிடுவ?"

"பொய் சொல்லாதீங்க."

அவள் திரும்பினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், டாக்டர் அறையில் செருப்பைப் பார்த்த அதே முகத்தோடு. செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. "எங்கண்ணன்ட்ட நான் டிக்கெட்ட வாங்கிக்கிட்டு பேசாம உக்காந்துட்டேன். 'நான் செண்பகம்'னு இன்னும் நூறு தடவ சொல்லிருக்கலாம். அழுதாலும் சொல்லிருக்கலாம். சொல்லல. நீங்க அப்படி உக்காந்துராதீங்க. நாளைக்கு டாக்டர் என்ன வேணாலும் சொல்லட்டும். நான் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லுங்க. எத்தன தடவ சொன்னாலும் அத்தன தடவையும் திருத்துங்க. நான் இருக்கேன்னு நெனச்சாத்தான திருத்துவீங்க?"

கோமதிநாயகம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி கூறுகெட்டவளே," என்றார், "தாலி மாட்டுதவன அண்ணேங்கிய. ஊர் கேட்டா காறித் துப்பும்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"தப்புதாங்க," என்றாள் செண்பகவல்லி.

"அப்ப சரியாச் சொல்லு."

"என்னங்க."

"ம். இன்னொருக்கச் சொல்லு."

"என்னங்க," என்று அவள் இம்போசிஷன் எழுதுகிற பிள்ளை மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். அவர் மூக்குத்தியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, அந்தக் கையை விடாமலே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.